1953 கல்கத்தா காமெட் விபத்து: ஒரு திருத்தம் போடணும் சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல காமெட் விமானத்தை பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. உலகத்தோட முதல் ஜெட் பயணிகள் விமானம் எப்படி வந்துச்சு எப்படி காணாம போச்சுன்னு ஆர்வமா எழுதிருந்தாங்க, எழுதினவருக்கு என் பாராட்டை சொல்லிடுங்க. ஆனா அதுல ஒரு வரி தப்பு. கல்கத்தா, இத்தாலி பக்கம் எல்பா, நேப்பிள்ஸ்னு மூணு இடத்துல காமெட் விழுந்த விபத்துக்கும் சதுர ஜன்னல் மூலைல விழுந்த விரிசல்தான் காரணம்னு மூணையும் ஒரே மூட்டையா கட்டி போட்டிருக்கீங்க. எல்பாவும் நேப்பிள்ஸும் உலோகச் சோர்வுனால, அதாவது அழுத்தம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கி உலோகம் விரிசல் விட்டதுனால நடந்ததுதான், அதுல சந்தேகம் இல்ல. கல்கத்தா விமானம் விழுந்ததுக்கு காரணம் வானிலை, சித்திரை வைகாசில வங்காளத்துல அடிக்கற இடி சூறைக்காத்து. இது உங்க கட்டுரைல மட்டும் வர்ற தப்பும் கிடையாது, இப்ப வர்ற வீடியோ எல்லாத்துலயும் இப்படித்தான் சொல்லிட்டு போறாங்க, கேக்க ஆள் இல்ல.

நான் பைலட்டும் இல்ல வானிலை ஆபீசரும் இல்ல, பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் எடுத்து ரிட்டயர் ஆனவன். காமெட் கதையை கிளாஸ்ல பசங்களுக்கு நிறைய தடவை சொல்லிருக்கேன், அதனால அதை பத்தி கிடைச்சதெல்லாம் படிச்சு வெச்சிருக்கேன். நம்ம நாட்டு மண்ணுல நடந்து, நம்ம அரசாங்கமே விசாரிச்சு, அந்த விசாரணைனால காமெட் விமானம் செய்யற முறைலயே ரெண்டு மாத்தம் வந்த ஒரு விபத்து, அதை நம்ம பத்திரிகையே வேற கணக்குல எழுதறது மனசுக்கு கஷ்டமா இருக்கு சார்.

நடந்தது இதுதான். 1953 மே 2, சனிக்கிழமை. சரியா ஒரு வருஷம் முன்னாடி, 1952 மே 2ல, லண்டன்லருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு காமெட் தன்னோட முதல் பயணிகள் சர்வீஸை ஆரம்பிச்சுச்சு. அந்த ஒரு வருஷத்துல ஊரெல்லாம் இதே பேச்சுதான். அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் புரொப்பெல்லர் விமானம், சத்தமும் அதிர்வும் தாங்காது, வானிலைக்குள்ளேயே ஆடி ஆடி போகணும். காமெட் 35,000 அடிக்கு மேல, மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல ஸ்பீடுல போச்சு, சாதாரண மேகமெல்லாம் கீழ கிடக்கும், உள்ள அதிர்வே தெரியாது. 1952 ஆகஸ்ட்ல பம்பாய் வழியா கொழும்பு வரைக்கும் வந்துச்சு, அக்டோபர்ல சிங்கப்பூர் போச்சு. வானிலைக்கு மேல பறக்கற விமானம்னுதான் ஜனங்க மனசுல பதிஞ்சுச்சு, அது உண்மையும் கூட, ஆனா மேல போய் சேர்ந்ததுக்கு அப்புறம்தான் அது உண்மை. மேல போகணும்னா முதல்ல கீழ இருக்கற காத்துக்குள்ள பூந்துதானே போகணும்?

அன்னிக்கு வந்தது பிரிட்டிஷ் கம்பெனி பிஓஏசியோட 783ஆம் நம்பர் ஃப்ளைட். சிங்கப்பூர்லருந்து லண்டன் போறது, பாங்காக், ரங்கூன் தாண்டி கல்கத்தாவோட டம்டம் ஏர்போர்ட்ல இறங்கிட்டு அடுத்து டெல்லிக்கு கிளம்புச்சு. பயணிகள் 37 பேர், விமான ஊழியர்கள் 6 பேர். சாயங்காலம் 4 மணி 29 நிமிஷத்துக்கு டேக் ஆஃப் ஆச்சு, ஆறு நிமிஷம் கழிச்சு மேல ஏறிட்டிருக்கோம்னு ரேடியோல ஒரு தகவல் வந்துச்சு, அதுக்கப்புறம் கூப்பிட்டா பதில் இல்ல. டம்டம்லருந்து வடமேற்குல ஒரு 40 கிலோமீட்டருக்குள்ள இருக்கற ஜகல்கோரிங்கற கிராமத்து பக்கத்துல விழுந்து கிடந்துச்சு. கீழ இருந்து பார்த்த ஜனங்க சொன்னது என்னன்னா, றெக்கை இல்லாத விமானம் ஒண்ணு தீப்பிடிச்சு எரிஞ்சுகிட்டே கீழ வந்துச்சுன்னு. றெக்கைலதான் எரிபொருள் டாங்க் இருக்கு, லண்டன் வழில அடுத்த கட்டத்துக்கு அப்பதான் நிரப்பிட்டு கிளம்பிருக்காங்க. 43 பேர்ல ஒருத்தர் கூட பிழைக்கல. உடைஞ்ச துண்டெல்லாம் பல மைல் தூரத்துக்கு வயல்ல சிதறி கிடந்துச்சு, அதுலருந்தே விமானம் தரைல மோதி உடையல, மேலேயே உடைஞ்சிருச்சுன்னு தெரிஞ்சு போச்சு.

இப்ப அந்த வானிலையை பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா விஷயமே அதுதான். மார்ச்லருந்து மே வரைக்கும் வங்காளத்துல சாயங்கால நேரத்துல வடமேற்குலருந்து ஒரு இடி சூறைக்காத்து வரும், அங்க அதுக்கு கால்பைசாகின்னு பேரு, வெள்ளைக்காரன் நார்வெஸ்டர்னு எழுதி வெச்சான். நம்ம ஊர்ல வெப்பச்சலனத்துனால கோடை மழை பெய்யும்னு ரேடியோல சொல்வாங்களே, அதே சங்கதிதான் அடிப்படைல, ஆனா பலம் பல மடங்கு. வங்கக் கடல்லருந்து தெற்குக் காத்து ஈரத்தை அள்ளிட்டு தரையோட ஒட்டி உள்ள போகும், அதுக்கு மேல மேற்குலருந்து வர்ற சூடான காஞ்ச காத்து ஒரு அடுக்கா படுத்துக்கும், அந்த அடுக்கு இருக்கற வரைக்கும் கீழ இருக்கற ஈரக்காத்து மேல எழும்ப முடியாது, பகல் பூரா வெயில் காய காய சூடு ஏறிட்டே இருக்கும். மத்தியானத்துக்கு மேல சோட்டா நாக்பூர் பீடபூமி பக்கம் எங்கயாவது ஒரு இடத்துல அந்த அடுக்கு உடையும், உடைஞ்சா அத்தனை ஈரமும் ஒரே மூச்சுல மேல பாயும், மேகம் 15 கிலோமீட்டர் உயரத்துக்கு கூட போயிடும். மேகம் முத்தினதும் மழையும் ஆலங்கட்டியும் கீழ விழ ஆரம்பிக்கும், விழும்போது சுத்தி இருக்கற காத்தை குளிர வெச்சு அதையும் கூடவே இழுத்துட்டு வரும், அந்த குளிர்ந்த காத்து தரைல மோதி நாலாபக்கமும் பரவி முன்னாடி ஓடும். அந்த முன்னோட்டம்தான் மழை வர்றதுக்கு முன்னாடி அடிக்கற சூறைக்காத்து. தென்கிழக்கா நகர்ந்து சாயங்காலம் கல்கத்தாவை பிடிக்கும். அந்த விமானம் கிளம்பின நேரம், போன திசை, மாசம் மூணும் இதோட அப்படியே பொருந்துது, சூறைக்காத்து வர்ற வழிலயே எதிர்ல போயிருக்கு.

பெரிய இடிமேகத்துக்குள்ள காத்து மேல பாயற வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை தொடும், அதை ஒட்டினாப்ல கீழ பாயற காத்தும் இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி சில நூறு மீட்டர்கூட இருக்கலாம். மணிக்கு 450 கிலோமீட்டர்ல ஏறிட்டிருக்கற விமானம்னு வெச்சுக்குங்க, ஒரு செகண்டுக்கு 125 மீட்டர் போகும், அதாவது மேல தூக்கற காத்துலருந்து கீழ அமுக்கற காத்துக்குள்ள போக ரெண்டு மூணு செகண்ட் போதும். விமானம் தாங்க வேண்டிய கூடுதல் பாரம் காத்தோட வேகத்தையும் விமானத்தோட வேகத்தையும் பெருக்கினாப்ல ஏறும், அதனால வேகம் ஜாஸ்தியா இருந்தா அதே காத்து இன்னும் பலமா அடிக்கும், ரொம்ப மெதுவா போனாலும் ஆபத்து, றெக்கைக்கு தாங்கற சக்தி போய் ஸ்டால் ஆயிடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு வேகத்தை பிடிச்சுகிட்டு போகணும்ங்கறது இன்னிக்கு எல்லா பைலட்டுக்கும் பாடம். ஜெட் விமானம் வந்து ஒரே வருஷம் ஆன காலத்துல இதெல்லாம் யாருக்கும் கைபழக்கமா இல்ல.

இடிமேகத்தை பத்தின அறிவே அப்ப புதுசுதான். அமெரிக்காவுல 1946, 47ல ஃப்ளோரிடாவுலயும் ஒஹையோவுலயும் போர் விமானங்களை வேணும்னே இடிமேகத்துக்குள்ள ஓட்டி அளந்தாங்க, ஹொரேஸ் பையர்ஸும் ராஸ்கோ பிரஹாமும் அதுலருந்துதான் இடிமேகத்துக்கு வளர்ற பருவம், முத்தின பருவம், அடங்கற பருவம்னு மூணு உண்டுன்னு எழுதினாங்க. மேல பாயற காத்தும் கீழ பாயற காத்தும் பக்கத்துல பக்கத்துல இருக்கறது முத்தின பருவத்துலதான்ங்கறது அப்பதான் தெளிவாச்சு. அந்த போர் விமானங்களை ஓட்டினவங்க எவ்ளோ துணிச்சல்காரங்களா இருந்திருக்கணும்னு நினைச்சு பாருங்க சார், அவங்களை பத்தியும் நீங்க ஒரு நாள் எழுதணும்.

கல்கத்தா விபத்தை இந்திய மத்திய அரசு விசாரணை கோர்ட் அமைச்சு விசாரிச்சுது. அவங்க சொன்ன முடிவுல ஒரு நேர்மை இருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. விமானத்தோட உடல் நடுவானத்துல முறிஞ்சதுக்கு ரெண்டுல ஒண்ணு காரணம்னாங்க: ஒண்ணு, சூறைக்காத்துல வந்த கடுமையான காத்து வீச்சு நேரடியா தாங்க முடியாத அளவுக்கு அடிச்சிருக்கணும். இல்லன்னா அந்த காத்துக்குள்ள பைலட் விமானத்தை கட்டுப்படுத்த போராடும்போது கன்ட்ரோலை அளவுக்கு மீறி இழுத்திருக்கணும், இல்ல கட்டுப்பாடே கைய விட்டு போயிருக்கணும். எதுன்னு அடிச்சு சொல்ல அவங்ககிட்ட சாட்சி இல்ல, இன்னிக்கு இருக்கற கறுப்புப் பெட்டி எதுவும் அந்த விமானத்துல கிடையாது. ஆனா ரெண்டுலயும் முதல் ஆள் சூறைக்காத்துதான். உலோகச் சோர்வை அவங்க காரணமா எடுத்துக்கவே இல்ல.

உடைஞ்ச பாகங்களை இங்கிலாந்துக்கு, ஃபார்ன்பரோவுல இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட்ங்கற விமான ஆராய்ச்சி நிலையத்துக்கு கொண்டு போய் ஆராயணும்னும் நம்ம விசாரணைதான் சொல்லுச்சு. அங்க பார்த்ததுல முறிவு வாலோட இடது எலிவேட்டர் (விமானத்தோட மூக்கை ஏத்தி இறக்கறதுக்கு வால்ல இருக்கற அசையற பலகை) பக்கத்துல ஆரம்பிச்சிருக்கு, அதுக்கப்புறம்தான் றெக்கை போயிருக்குன்னு தெரிஞ்சுச்சு. றெக்கை முறிஞ்ச விதமும் கீழ்ப்பக்கமா அமுக்கின பாரத்துனாலன்னு காட்டுச்சு, சாதாரணமா விமானம் பறக்கும்போது றெக்கையை காத்து மேலதான் தூக்கும், இங்க நேர் எதிரா நடந்திருக்கு.

பைலட் அளவுக்கு மீறி இழுத்திருக்கலாம்ங்கறதை கேட்டுட்டு அவர் மேல பழி போட்டுடாதீங்க. காமெட்டோட கன்ட்ரோல் எல்லாம் ஹைட்ராலிக் பவர்ல ஓடறது, பைலட் கைல பிடிக்கற தண்டு லேசா இருக்கும், வெளிய எலிவேட்டர் மேல எத்தனை டன் பாரம் இருக்குங்கறது கைக்கு தெரியவே தெரியாது. பவர் ஸ்டீயரிங் கார்ல 100 கிலோமீட்டர் ஸ்பீடுல போகும்போதும் நின்னுட்டிருக்கும்போதும் ஸ்டீயரிங் ஒரே மாதிரி லேசா சுத்தினா என்ன ஆகும்னு யோசிங்க, அந்த நிலைமைதான். தூக்கிப் போட்டு அமுக்கற காத்துக்குள்ள, கண்ணுக்கு மேகத்தை தவிர ஒண்ணும் தெரியாத நேரத்துல, கைக்கும் ஒண்ணும் தெரியலன்னா எந்த மனுஷன் அளந்து இழுக்க முடியும்? விசாரணைல இதை கவனிச்சு, பைலட் கைக்கு பாரம் உறைக்கற மாதிரி மாத்த முடியுமான்னு பாருங்கன்னு எழுதினாங்க. அதுலருந்து வந்ததுதான் க்யூ ஃபீல்ங்கற அமைப்பு, காத்தோட அழுத்தம் கூட கூட தண்டும் கனமா ஆகும். கூடவே காமெட் எல்லாத்துக்கும் வானிலை ரேடார் வெச்சாங்க, கொந்தளிப்பான காத்துல எந்த வேகத்தை தாண்டக் கூடாதுன்னு கட்டுப்பாட்டை இறுக்கினாங்க. வங்காளத்து வயல்ல பொறுக்கின துண்டுலருந்து வந்தது சார் இதெல்லாம்.

அப்புறம் ஏன் மூணையும் சேர்த்து பேசறாங்க? எட்டே மாசத்துல, 1954 ஜனவரி 10ஆம் தேதி, ரோம்லருந்து லண்டன் கிளம்பின காமெட் எல்பா தீவு பக்கத்துல கடல்ல விழுந்து 35 பேர் போனாங்க, ஏப்ரல் 8ல இன்னொண்ணு நேப்பிள்ஸ் பக்கம் விழுந்து 21 பேர் போனாங்க. ரெண்டுலயும் இடிமேகம் கிடையாது. அப்பதான் ஃபார்ன்பரோவுல ஒரு முழு காமெட்டையே தண்ணித் தொட்டில இறக்கி, உள்ள அழுத்தத்தை ஏத்தி இறக்கி ஏத்தி இறக்கி பார்த்தாங்க, பறந்ததையும் சோதனையையும் சேர்த்து 3,057ஆவது தடவைல உடம்பு கிழிஞ்சுது. கடல் அடிலருந்து எடுத்த எல்பா விமானத்துல விரிசல் ஆரம்பிச்ச இடம் கூரைல ரேடியோ ஆன்டெனாவுக்கு வெட்டின ஓட்டைகிட்ட, பயணிகள் எட்டிப் பார்க்கற ஜன்னல்ல கூட இல்ல. இதையும் உங்க கட்டுரை விட்டுடுச்சு. அந்தக் கதை அவ்ளோ பெருசா ஆனதுனால முன்னாடி நடந்த கல்கத்தாவையும் அதுக்குள்ளேயே இழுத்துட்டு போயிட்டாங்க. கொஞ்சம் யோசிச்சாலே வித்தியாசம் தெரியும். எல்பா விமானம் 27,000 அடி உயரத்துல, உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் ரொம்ப ஏறின நேரத்துல வெடிச்சுது. கல்கத்தா விமானம் கிளம்பி ஆறே நிமிஷம், போக வேண்டிய உயரத்துல பாதி கூட போயிருக்காது, அங்க உடம்பை உள்ளேருந்து பிளக்கற அளவுக்கு அழுத்தம் எங்கருந்து வரும்? அதுவும் போக முதல்ல முறிஞ்சது வால் பக்கம்.

தேதி ஒண்ணு மாறினா பரவால்லன்னு விட்டுடலாம். காரணத்தை மாத்தினா விபத்து சொல்றதையே மாத்திடறோம். ஜன்னல்தான் காரணம்னா, ஜன்னலை வளைவா செஞ்சாச்சு, பிரச்சனை 1954லயே முடிஞ்சு போச்சு. சூறைக்காத்துதான் காரணம்னா அது இன்னும் முடியல. ஒவ்வொரு ஏப்ரல் மே மாசமும் கொல்கத்தா மேல அதே காத்து அதே நேரத்துல வருது.

பத்து வருஷம் கழிச்சு நடந்ததை பாருங்க. 1963 பிப்ரவரி 12, அமெரிக்காவுல மயாமிலருந்து சிகாகோ கிளம்பின நார்த்வெஸ்ட் கம்பெனியோட போயிங் 720. சுத்தி இடிமேகம், நடுவுல வழி பார்த்து பார்த்து ஏறினாங்க, மேல பாயற காத்து விமானத்தை 19,000 அடிக்கு மேல தூக்கிடுச்சு, சரி பண்ண மூக்கை கீழ அமுக்கும்போது அதே நேரம் கீழ பாயற காத்தும் சேர்ந்துகிட்டு விமானம் தலைகுப்புற பாஞ்சு, மீள முடியாம காத்துலயே உடைஞ்சு எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்துல விழுந்துச்சு. அங்கயும் 43 பேர். விசாரணை சொன்னதும் பலமான செங்குத்து காத்து, கன்ட்ரோலை பெருசா அசைச்சது, ரெண்டும் சேர்ந்து செஞ்ச காரியம்னுதான், கல்கத்தால 1953ல சொன்ன ரெண்டு வாக்கியத்தையும் ஒண்ணா சேர்த்தா இதுதான் வரும். அதுக்கப்புறம்தான் கொந்தளிப்புக்குள்ள மாட்டினா உயரம் ஏறுது இறங்குதுன்னு அதை துரத்தாதே, விமானத்தோட நிலையை நேரா வெச்சுகிட்டு பொறுமையா தாண்டுன்னு ஜெட் பைலட்டுங்களுக்கு அழுத்தமா சொல்லிக் கொடுத்தாங்க.

1966 ஆகஸ்ட் 6 ராத்திரி நெப்ராஸ்கா மாநிலத்துல ஃபால்ஸ் சிட்டி பக்கத்துல பிரானிஃப் கம்பெனி விமானம், 42 பேர். இது இன்னும் கொடுமை, இடிமேகத்துக்குள்ள அது போகவே இல்ல, 5,000 அடி உயரத்துல மேகத்துக்கு முன்னாடி ஓடற அந்த சூறைக்காத்து விளிம்புல மாட்டி வாலும் றெக்கையும் முறிஞ்சுது. மழை இன்னும் வரலையே, மேகம் தூரத்துல தானே இருக்குன்னு நாம பேசறோமே, அந்த தூரத்துக்குள்ளேயும் ஆபத்து இருக்குன்னு அந்த விபத்து காட்டுச்சு. பலத்த இடிமேகத்துலருந்து 20 மைலாவது தள்ளிப் போன்னு இன்னிக்கு பைலட்டுங்களுக்கு சொல்றது சும்மா பயந்து சொல்றது இல்ல.

இப்ப விமானத்துல ரேடார் இருக்கே, இனிமே என்ன பயம்னு சிலர் கேப்பாங்க. ரேடார் பார்க்கறது மழைத்துளியை, காத்தை இல்ல. ஈரமான ஆலங்கட்டி நல்லா தெரியும், காஞ்ச ஐஸ் மங்கலா தெரியும், முன்னாடி அடர்த்தியா மழை இருந்தா அதுக்கு பின்னாடி என்ன இருக்குன்னே மறைஞ்சிடும். விமானம் இன்னிக்கு அன்னிக்கு இருந்ததை விட எவ்ளோவோ பலம், நடுவானத்துல றெக்கை முறியறதுங்கற பேச்சு கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு, அதை சந்தோஷமா சொல்றேன், பறக்க பயப்படறவங்க யாரும் இதை படிச்சுட்டு டிக்கெட் கேன்சல் பண்ண வேணாம். ஆனா உள்ள இருக்கற மனுஷன் உடம்பு அதே உடம்புதான். 2022 மே 1ல மும்பைலருந்து துர்காபூர் போன ஸ்பைஸ்ஜெட் விமானம் இறங்கற நேரத்துல இதே வங்காளத்து இடிமேக கொந்தளிப்புல மாட்டி பத்து பேருக்கு மேல காயம், அதுல ஒருத்தர் பல மாசம் ஆஸ்பத்திரில இருந்து இறந்தே போனார். தேதியை கவனிங்க, மே 1. 2024 மே 21ல சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் மேல போகும்போது அஞ்சு செகண்டுக்குள்ள 178 அடி இறங்கிச்சு, பெல்ட் போடாதவங்க கூரைல போய் மோதினாங்க, அந்தப் பயணத்துல ஒருத்தர் இறந்தார். சரியா ஒரு வருஷம் கழிச்சு 2025 மே 21ல டெல்லிலருந்து ஸ்ரீநகர் போன இண்டிகோ விமானம் ஆலங்கட்டி மழைல மாட்டி மூக்கு நசுங்கி இறங்குச்சு. பைலட் விலகிப் போக எல்லைக்கு அந்தப் பக்கம் வழி கேட்டு லாகூர்ல மறுத்துட்டாங்க, கடைசில மேகத்துக்குள்ளேயே போய் 200 பேருக்கு மேல பத்திரமா இறக்கினாங்க. அந்த ரெண்டு பைலட்டையும் கையெடுத்து கும்பிடணும்.

இதெல்லாம் உங்க பேப்பர்லயும் வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னா, நடுவானில் குலுங்கிய விமானம், பயணிகள் அலறல். அவ்ளோதான். அது எந்த மாதிரி மேகம், எவ்ளோ உயரத்துல, வானிலை ஆபீஸ் முன்னாடியே எச்சரிக்கை குடுத்துச்சா, பெல்ட் விளக்கு எரிஞ்சுச்சா, ஒண்ணுமே இல்ல. அலறலை மட்டும் படிச்சுட்டு போறவங்களுக்கு பயம்தான் மிஞ்சும், அடுத்த தடவை ஏர்போர்ட்ல என்ன செய்யணும்னு தெரியாது.

நான் ஒரு தடவை காசி, கயா போயிட்டு கொல்கத்தா வழியா சென்னை திரும்பும்போது சாயங்காலம் ஃப்ளைட், வடமேற்கு வானம் கறுத்து வந்துச்சு, புறப்பாட்டை நிறுத்தி வெச்சுட்டாங்க. கவுன்ட்டர்ல நின்ன சின்ன பொண்ணு கிட்ட ஜனங்க போட்ட சண்டை இருக்கே, இங்க மழையே பெய்யல ஏன் நிறுத்தறீங்க, கனெக்‌ஷன் போச்சு, நஷ்ட ஈடு குடுங்க, மேனேஜரை கூப்பிடுன்னு. படிச்சவங்க, நல்ல உத்தியோகத்துல இருக்கறவங்க, குடும்பத்தோட வந்தவங்க. எனக்கு அந்த இடத்துல நின்னுகிட்டு நினைப்பெல்லாம் 4 மணி 29 நிமிஷத்துக்கு இதே ஏர்போர்ட்லருந்து கிளம்பின அந்த விமானம் மேலதான். பக்கத்துல நின்னவர்கிட்ட சொன்னேன், தம்பி இங்க இந்த மாதிரி நேரத்துல ஒரு விமானம் கிளம்பி ஆறு நிமிஷத்துல போயிடுச்சு, பொறுமையா இருங்கன்னு. அவர் நம்பல, போன்ல தேடிப் பார்த்தார், அவருக்கு வந்த முதல் பதிலே சதுர ஜன்னல்தான். அதனாலதான் சார் இந்த ஒரு வரிக்காக இவ்ளோ மெனக்கெடறேன்.

ஃப்ளைட் லேட் ஆனா கேக்க வேண்டியதை கேக்கலாம், சாப்பாடு குடுக்கணும், உக்கார இடம் குடுக்கணும், சரியான தகவல் சொல்லணும், அதெல்லாம் பயணியோட உரிமை. ஆனா இடிமேகத்துக்காக நிறுத்தி வெச்சதை மட்டும் கிளப்பு கிளப்புன்னு நெருக்கக் கூடாது. பைலட்டும் மனுஷன், கம்பெனி நெருக்கடி ஒரு பக்கம், டூட்டி நேரம் முடியப்போற கவலை ஒரு பக்கம், இதுல நூறு பேர் கத்தறதும் சேர்ந்தா அவர் முடிவெடுக்கறதுல அது கொஞ்சமாவது பாரமா விழும். மேல போனதுக்கு அப்புறம் விளக்கு அணைஞ்சாலும் உக்காந்திருக்கற வரைக்கும் பெல்ட்டை லேசாவாவது போட்டு வெச்சிருங்க, குழந்தைக்கும் போட்டு விடுங்க. கொந்தளிப்புல அடிபடறவங்கள்ல நிறைய பேர் பெல்ட் போடாத பயணிங்க, இல்லன்னா நின்னு வேலை பார்க்கற விமான ஊழியர்கள், அந்த பொண்ணுங்களுக்கு பெல்ட் போட நேரமே கிடைக்கறது இல்ல, டீ கேட்டு பட்டனை அழுத்தறவங்க இதையும் நினைச்சுக்கணும்.

உங்ககிட்ட நான் கேக்கறது மூணு. ஒண்ணு, கட்டுரைக்கு திருத்தம் போடுங்க, மூலைல நாலு வரியா போடாம அதே ஞாயிறு இணைப்புலயே போடுங்க, 1953 மே 2, ஜகல்கோரி, 43 பேர், இடி சூறைக்காத்து, இந்திய அரசோட விசாரணை, இதெல்லாம் அதுல வரணும். ரெண்டு, இனிமே குலுங்கின விமானம் செய்தி வந்தா வானிலை ஆபீஸ்லயும் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்க, சென்னைலயே டாப்ளர் ரேடார் இருக்கு, அதை பார்த்து விளக்கம் சொல்ல தமிழ் பேசற ஆளுங்க இருக்காங்க. மூணு, கால்பைசாகி பத்தி தனியா ஒரு கட்டுரை போடுங்க, மார்ச் மாசத்துக்குள்ள வந்தா நல்லது, ஏன்னா கோடை லீவுல காசிக்கும் டார்ஜிலிங்குக்கும் வடகிழக்குக்கும் நம்ம ஜனங்க நிறைய பேர் கொல்கத்தா வழியாதான் போறாங்க. எழுதறவருக்கு உதவியா இருக்கும்னா நான் எடுத்து வெச்சிருக்கற குறிப்பெல்லாம் ஜெராக்ஸ் போட்டு அனுப்பறேன், என் விலாசம் உங்க சந்தா பிரிவுல இருக்கு.

இப்படிக்கு,
ரிட்டயர்டு பிசிக்ஸ் ஆசிரியர்,
ஸ்ரீரங்கம்.